நிற்கும் காரின் செலவுக் கணக்கு

நாலைந்து லட்சம் ரூபாயோடு புதுக் கார் வாங்கப் போனால், இருப்பதிலேயே சின்ன வண்டியைத்தான் காட்டுவார்கள். அதே பணத்தோடு பழைய கார் விற்பவரிடம் போனால் 2008 வாக்கில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் இ-220 சி.டி.ஐ.யின் சாவியை எடுத்து நீட்டுவார். புதிதில் முப்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. தோல் இருக்கை, மூக்கில் நட்சத்திரம், கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டகம் மூடுகிற சத்தம். வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருக்கிற பெரியபட்டினம், கீழக்கரை மாதிரி ராமநாதபுரம் கரையோர ஊர்களில் இந்தச் சபலம் கொஞ்சம் கூடுதல். துபாயில் முதலாளி வீட்டு வாசலில் பார்த்த கார் நம் வாசலிலும் நிற்கும் என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

என் மச்சானுக்குத் துறுதுறுத்தது. அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை விடுப்பில் வந்து, சந்தனக்கூடு பார்த்து, நாலு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவார். மீதி மாதங்கள் சாவி என்னிடம். இந்த விமர்சனம் அப்படிக் கிடைத்த வண்டியைப் பற்றியது: 2008 மாடல், தொழிற்சாலைப் பெயர் டபிள்யூ 211, புனேயில் பாகங்கள் பூட்டிச் செய்யப்பட்டது, 2148 சி.சி. டீசல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஓட்டுவதற்கு இது இன்னும் அருமையான கார். 170 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் பெரிய விஷயமில்லை. ஆனால் 400 நியூட்டன் மீட்டர் இழுவை குறைந்த சுற்றிலேயே வந்துவிடுவதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியைத் தாண்ட மிதியைப் பாதி அழுத்தினால் போதும். மதுரையிலிருந்து பரமக்குடி வரைக்கும் நாலு வழிச் சாலை. அங்கே நூறில் போகும்போது பின் இருக்கையில் மாமி தூங்கிவிட்டார். பரமக்குடிக்கு இந்தப் பக்கம் ராமநாதபுரம் வரை இன்னும் இரண்டு வழிதான் (நாலு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது). அந்த ஒட்டுப்போட்ட தார் மேலும் வண்டி அலுங்காமல் போகிறது. குறை என்றால் உயரம். ஊருக்குள் அவரவர் வீட்டு முன்னால் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளில் கோணலாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. மாமிக்கு முட்டிவலி. “குனிஞ்சு ஏற, முக்கி எந்திரிக்க... இதுக்கு ஆட்டோவே தேவல வாப்பா” என்பது அவருடைய விமர்சனம். பதினேழு வயதைத் தாண்டிய வண்டி இவ்வளவு இறுக்கமாக இருப்பதைப் பார்த்தால், அந்தக் காலத்து ஜெர்மன் பொறியாளர்கள் பேரில் மரியாதை வரத்தான் செய்கிறது.

செலவு இந்தச் சாலைகளில் ஏறவில்லை. கீற்றுக் கொட்டகையில் நிற்கும்போது ஏறியது.

பூட்டி வைத்த கார் சும்மா இருப்பதில்லை. உள்ளே இருக்கிற கணினிப் பெட்டிகள், ரிமோட் வாங்கி, திருட்டு எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து, நல்ல நிலையில் உள்ள வண்டியிலேயே முப்பதிலிருந்து ஐம்பது மில்லி ஆம்பியர் இழுக்கும். ஐம்பது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி. இந்தக் காரின் பேட்டரி 95. இரண்டு மாதம் தொடாமல் விட்டால் செத்துவிடும். ஒரு முறை முழுக்க இறங்கிய பேட்டரி பழைய தெம்புக்குத் திரும்பாது. ஏ.ஜி.எம். வகை பேட்டரி இருபதாயிரத்துக்கு மேல். நாலாயிரம் ஐயாயிரத்துக்குக் கிடைக்கும் சொட்டு சார்ஜரை மாட்டி வைப்பதுதான் இந்த ஊரில் பழைய பென்ஸுக்குச் செய்யக்கூடிய ஆகச் சிறந்த முதலீடு. பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, அது செத்தால் ரிமோட்டில் டிக்கி திறக்காது. ஆகவே டிக்கியைத் திறக்கிற சாவித் தகடு ரிமோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் அடுத்தது. ஓடாத டயர் தேயாது, ஆனால் கிழடாகும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் முழுசாக இருக்கிறதே என்று ஏழெட்டு வயது டயரில் மதுரைக்கு வேகமாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 225/55 ஆர் 16 அளவில் நாலு நல்ல டயர் சுமார் நாற்பதாயிரம். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆறு வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பணம் போய்த்தான் ஆக வேண்டும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் திரவம். கடலோர ஈரத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

எலியையும் மறந்துவிடக்கூடாது. நிற்கிற காரின் பானெட்டுக்குள் அது குடித்தனம் வைக்கும், வயரைக் கடிக்கும். ஒரு சென்சார் வயர் அறுந்தால்கூட எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி வேகம் பிடிக்காமல் முடங்கிக்கொள்ளும். ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் புகையிலையைத் துணியில் கட்டி எஞ்சின் பக்கம் தொங்கவிடச் சொல்கிறார். எலி வருவது குறைகிறது. காரை எடுக்கும்போது மட்டும் உள்ளே பாக்குக் கடை வாசம்.

இதெல்லாம் மதுரையில் நிற்கிற காருக்கும் ஓரளவு பொருந்தும். நமக்கென்று தனியாக இருப்பது உப்பு.

இரும்பை அரிப்பதில் நம் கரை நாடறிந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் எவ்வளவு வேகமாக அரிபடுகின்றன என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் தனி ஆய்வு மையமே வைத்திருக்கிறது. நூற்றாண்டு தாண்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்தை 2022 டிசம்பரில் மூடினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்ததும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். பாலத்துக்கே அந்த மரியாதை என்றால் ஜெர்மனிக் குளிருக்கு வரைந்த கார் எம்மாத்திரம்?

துருவை எல்லோரும் கதவு ஓரத்தில் தேடுகிறார்கள். இந்த மாடலின் உடம்புத் தகடு நன்றாகவே துத்தநாகம் பூசப்பட்டது. அங்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. உப்பு போய் உட்காரும் இடங்கள் வேறு. முன்னால் நிற்கிற ஏ.சி. கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும். சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஏ.பி.எஸ். சென்சார்கள் கண் மூடும். எர்த் வயரின் முனை பச்சை பூத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்து எச்சரிக்கைகளை டேஷ்போர்டில் வரவழைக்கும். பிரேக் டிஸ்க் ஒரு வாரத்திலேயே செம்மண் நிறத்துக்கு மாறும். ஓட்டினால் பேடு தேய்த்துச் சுத்தமாக்கிவிடும், நின்றால் குழி விழும். எல்லாவற்றையும் விடப் பணம் தின்பது நட்டு போல்ட். அலுமினியப் பாகத்தில் இரும்பு போல்ட், நடுவில் உப்பு ஈரம். இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அலுமினியம் அரிபட்டு, போல்ட் இறுகிவிடும். சென்னையில் ஒரு மணி நேரத்தில் மாட்டுகிற லோயர் ஆர்முக்கு இங்கே காஸ் வைத்துச் சூடாக்கி, போல்ட் முறிந்து, துளைபோட்டு எடுத்து, அரை நாள் போகும். பாகத்தின் விலை எல்லா ஊரிலும் ஒன்றுதான். கழற்றுகிற கூலி கடலுக்குப் பக்கத்தில் ஏறுகிறது.

“அடிக்கடி கழுவினால் தீர்ந்தது” என்பார்கள். எந்தத் தண்ணீரில்? கரையோரத்தில் பல வீடுகளின் போர்த் தண்ணீரே சவர். அதை அடித்துக் கழுவுவது, உப்பைத் துடைத்துவிட்டு உப்பைப் பூசுவது. நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கிற ஊரில் கார் அடிவயிற்றுக்கு ஊற்ற மனசு வராது. ஆகவே மாதத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் வைத்திருக்கிற வாட்டர் வாஷ் கடையைத் தேடிப் போய், லிஃப்டில் ஏற்றி, அடிப்பக்கம் மட்டும் நின்று கழுவ வைக்கிறேன். தனுஷ்கோடி போய் வந்தால் மறுநாளே. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு, விடுப்பில் வருகிற எந்தக் குடும்பமும் அங்கே போகாமல் ஊர் திரும்புவதில்லை. இரண்டு பக்கமும் கடல், காற்று மணலையும் சாரலையும் சேர்த்து அடிக்கும். படம் நன்றாக வரும். காருக்கு அதைவிடக் கெட்ட இடம் தமிழ்நாட்டில் இல்லை.

உதிரிபாகக் கதைக்கு வருவோம். இங்கேதான் நாலு லட்சத்துக்கு வாங்கியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். காரின் விலை பத்தில் ஒரு பங்காகிவிட்டது, பாகத்தின் விலை அப்படி இறங்கவில்லை. ஹெட்லைட்டு முப்பது லட்ச ரூபாய் காருக்குச் செய்தது; அதற்கு அந்த விலைதான். ஆனால் நட்சத்திர முத்திரை போட்ட டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சஸ்பென்ஷன் ஆர்ம் லெம்ஃபோர்டர், இன்ஜெக்டர் பாஷ், ஃபில்டர் மான் என்று தொழிற்சாலைக்குச் செய்து கொடுத்த கம்பெனிகளே தங்கள் சொந்த டப்பாவிலும் விற்கின்றன; கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். பழையது போதுமென்றால் புதுப்பேட்டை. 2025 செப்டம்பரில் உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியதும் ஓர் ஆறுதல்.

நம் ஊருக்கென்று இன்னொரு வழி இருக்கிறது: ஷார்ஜாவின் பழைய உதிரிபாகச் சந்தை. மச்சான்கள், காக்காமார்கள் விடுப்பில் வரும்போது பெட்டியில் பாதாம், டேங், சென்ட்டோடு ஒரு கதவு ஸ்விட்சும் வந்துவிடும். கண்ணாடி மோட்டார், சென்சார், உள் அலங்காரப் பாகங்கள் வாங்கலாம், தப்பில்லை. ஹெட்லைட்டு வாங்கச் சொல்லாதீர்கள். அங்கே வண்டி வலப்பக்கம் போகிறது. அந்த விளக்கின் ஒளி வலது ஓரத்தைக் காட்டும்படி வெட்டப்பட்டது. இங்கே மாட்டினால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் சார்ந்த பாகங்களும், வைப்பர் இணைப்பும் இடம் மாறியே இருக்கும். ஏர்பேக் வெடிக்கும் சாமான், பயணப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். (சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ஊர் பெரியபட்டினம், 13, 14-ஆம் நூற்றாண்டிலேயே வெளிநாட்டுச் சாமான் மோகம் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் துருப்பிடிக்காததாகப் பார்த்து இறக்கியிருக்கிறார்கள்.)

இந்த மாடலில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில. 2006 நடுவில் வந்த மறுவடிவத்துக்கு முந்தைய வண்டி வேண்டாம். முந்தையதில் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் இருந்தது. 2004-இல் உலகம் முழுவதும் 6,80,000 வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிபார்த்தது, மறுவடிவத்தில் அதையே கைவிட்டது. அந்த பம்ப், பிரேக் மிதிக்கிற எண்ணிக்கையைக் கணக்கு வைத்து, ஆயுள் முடிந்தது என்று தானே அறிவிக்கும் ரகம். அதற்கும் பழைய, 2002-க்கு முந்தைய டபிள்யூ 210 இன்னும் மலிவாகக் கிடைக்கும். முன் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணமே துருப்பிடித்துப் பிய்வதற்குப் பெயர்போன வண்டி, கடற்கரையில் தொடவே கூடாது. டீசல் எஞ்சினில் இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புத் தார் மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். அடியில் உள்ள செப்பு வாஷர் கசிந்தால் புகைக்கரி வெளியே வந்து கெட்டியாகும். வாஷர் சில நூறு ரூபாய். வருஷக்கணக்கில் விட்டால் இன்ஜெக்டரே அந்தத் தாருக்குள் புதைந்து, எடுக்கும்போது முறியும். கியர்பாக்ஸில் வயர் சொருகும் பிளக்கின் ரப்பர் வளையமும் இப்படித்தான்: கசியும் ஆயில் வயர் வழியாக ஏறி, கட்டுப்பாட்டுப் பெட்டிவரை போகும். முன்கூட்டியே மாற்றினால் சில்லறைச் செலவு. பெரிய பில் போடுவது பெரும்பாலும் சின்ன ரப்பர்தான்.

சென்னைக் கார் என்றால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய சொகுசுக் கார்கள் நிறைய. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். டெல்லிக் காரும் மலிவாக வரும். பத்து வயது டீசலுக்கு அங்கே வந்த தடைதான் பல வருஷமாக அந்த வண்டிகளைத் தெற்கே தள்ளியது. ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, எண் மாற்றுகிற அலைச்சலைச் சேர்த்தால் லாபம் மிஞ்சுவது சந்தேகம்.

காகிதச் செலவு சுருக்கமாக. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு. கூடவே பசுமை வரி. இருபது வயது தாண்டினால் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000. வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியான கார் என்றால் 80,000, ஆகவே ஆர்.சி.யில் அதைப் பாருங்கள். 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 7,897 ரூபாய், வரியோடு 9,318. முழுக் காப்பீட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைப் பழுதுச் செலவு தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு முடித்துவிடுவார்கள். மூன்று லட்சம் மதிப்புள்ள பழைய பென்ஸில் ஒரு முன் மோதல், இரண்டு ஹெட்லைட்டு, ஏர்பேக் என்றாலே அந்தக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது. ஆல்டோவில் டிங்கரிங்கோடு போகிற விபத்து இதில் காரையே முடித்துவிடும்.

வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. பின்சக்கர இழுவை, ஆட்டோ கியர். பின்சக்கரம் தரையில் உருண்டபடி நெடுந்தூரம் இழுத்தால் கியர்பாக்ஸ் போகும். தட்டு லாரி வரவழைத்து மதுரைக்கு ஏற்ற வேண்டும்.

இப்போது கூட்டல். வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைக்கிறேன். கலவையான ஓட்டத்தில் லிட்டருக்கு 12 கிடைக்கிறது. 500 லிட்டர், 93 ரூபாய் விலையில் 46,500. முழுக் காப்பீடு சுமார் 20,000. ஆறரை லிட்டர் உயர்தர ஆயில், ஃபில்டர்கள், கூலி என்று வருஷ சர்வீஸ் 17,000. டயர், பேட்டரிக்கு வருஷப் பங்கு 12,500. ஆர்.சி.க்கு ஆயிரம், அடிக்கழுவலுக்கும் சில்லறைக்கும் ஆறாயிரம். புஷ், ஆர்ம், ஏ.சி., சென்சார், பிரேக் என்று எப்போது வரும் என்று தெரியாத வேலைகளுக்கு வருஷம் ஐம்பதாயிரம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஒரு வருஷம் மிஞ்சும், மறு வருஷம் லட்சத்தைத் தாண்டும். மொத்தம் 1,53,000. கிலோமீட்டருக்கு இருபத்தைந்தரை ரூபாய்.

இதில் டீசலைக் கழித்தால் 1,06,500. அந்தத் தொகை கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. மச்சானைப் போல விடுப்பில் மட்டும் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால், டீசலோடு சேர்த்துக் கிலோமீட்டருக்கு 79 ரூபாய்க்குப் பக்கம். மதுரையில் கடை வைத்திருப்பவர் தினமும் எடுத்து வருஷம் 15,000 ஓட்டினால், கூடுதல் தேய்மானத்துக்கு முப்பதாயிரம் போட்டாலும் 17 ரூபாய்தான். டிரைவரோடு இன்னோவா வாடகைக்கு எடுத்தால் சுமார் இருபது ரூபாயும் பேட்டாவும். அதே கார், அதே வயது. யார் வீட்டில் எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் விலையை நாலு மடங்குக்கு மேல் ஆக்குகிறது.

“தம்பி, இது ஓடித் தேயல. நின்னு கெட்டுது” என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதை மச்சானிடம் போனில் சொன்னேன். “வந்தா ஓட்டிக்கிறேன் மச்சான், நீங்க வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க” என்றார். அதுவும் வேலைக்காகாது. நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடவிட்டால் எஞ்சின் முழுச் சூடு ஏறாது, சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கும், ஒரு வாரம் நின்றதில் இறங்கிய மின்சாரம் முழுசாகப் பேட்டரிக்குத் திரும்பாது. எடுத்தால் ராமநாதபுரம் போய்த் திரும்புகிற அளவுக்காவது ஓட்ட வேண்டும், ஏ.சி.யைப் போட்டு. இல்லையென்றால் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடாமலே விடுவது மேல்.

வருஷத்தில் பத்து மாதம் ஊரில் இருந்து, வாரத்தில் மூன்று நாளாவது ஓட்டுபவர் என்றால் 2006-க்குப் பிந்தைய இ-220 டீசலைத் தயங்காமல் வாங்கலாம்; வாங்குகிற விலையில் பாதியை முதல் வருஷ வேலைக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு. விடுப்புக்கு மட்டும் வருகிறவருக்கு என் சிபாரிசு வாடகை இன்னோவா. மச்சானின் வண்டிக்கு 2028-இல் ஆர்.சி. மறுபடி புதுப்பிக்க வேண்டும், அப்போது பத்தாயிரம். அதற்குள் மதுரையில் தினமும் ஓட்டக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மச்சான் மூன்றரை லட்சம் கேட்கிறார். மூன்றுக்கு வந்தால் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு, சொட்டு சார்ஜரையும் சேர்த்து.